மொட்டை டயர்

"ஆணி டயர் மாட்டியாச்சா?" என்று டெல்மீரா கேட்டாள். கேட்டது நிஜம். பிறகு எத்தனையோ விஷயங்களில் அவளுக்குச் சந்தேகம் வந்தது, இதில் மட்டும் வரவில்லை.

"மாட்டியாச்சு, மாட்டியாச்சு. நேத்தே மாட்டியாச்சு. எத்தனை தடவைடி கேப்ப?" என்றான் அவள் புருஷன் ஒவீடியோ, முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே.

குனிந்து ஒரு தடவை சக்கரத்தைப் பார்த்திருக்கலாம். அவள் இரண்டு கையிலும் மூன்றடுக்கு கேக் இருந்தது. மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள உஷுவாயாவில் சித்தப்பா மகளின் குழந்தைக்கு அன்று மாலை ஞானஸ்நானம். கேக் டெல்மீராவின் பொறுப்பு. குழந்தையின் அம்மாவுக்குத் தலை அலங்காரம் தங்கை சூல்மாவின் பொறுப்பு. அவர்கள் ஊரான தோல்வினில் சூல்மாவின் கத்தரிக்கோலுக்குத் தலை கொடுக்காதவர்கள் வழுக்கைகள் மட்டும்தான். வண்டி ஓட்டுவது ஒவீடியோவின் பொறுப்பு. அதை யாரும் அவனிடமிருந்து வாங்கிவிட முடியாது. பள்ளிக்கூட வேனையும் அவன்தான் ஓட்டினான். "கண்ணைக் கட்டி விட்டாலும் கணவாயைத் தாண்டிருவேன்" என்று அவன் பீற்றிக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை. பூமியின் தென்கோடியிலுள்ள அந்தத் தீவில் அது நடுக்குளிர்காலம். மணி பத்து தாண்டி, சூரியன் அப்போதுதான் சோம்பலாக எட்டிப் பார்த்தது. மைனஸ் பன்னிரண்டு.

ஊர் எல்லை தாண்டியதும் பின் சீட்டிலிருந்து சூல்மா தலையை முன்னால் நீட்டினாள். "என்ன அத்தான், வண்டி இன்னிக்குப் பூனை மாதிரி போகுது? சத்தத்தையே காணோம்?"

ஐஸில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த அந்த டயர் தார் ரோட்டில் உருண்டால் யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் விடாமல் வரும். அந்தத் தீவில் குளிர்காலம் முழுக்க எல்லார் காதிலும் இருக்கிற சத்தம் அது.

"பனி மெத்தை மாதிரி கெடக்குல்ல, அதான்" என்றான் ஒவீடியோ.

ரோட்டில் மெத்தையெல்லாம் இல்லை. தார் கறுப்பாகத் தெரிந்தது. டெல்மீராவின் காதிலும் இந்தப் பேச்சு விழுந்தது. ஆனால் நடு அடுக்கு கேக் ஒரு பக்கமாகச் சாய்கிறதோ என்ற கவலையில் இருந்தாள்.

கணவாய் ஏற்றத்தில் மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. "இந்த ஆமை பின்னாடி போனா, ஞானஸ்நானத்துக்கு இல்ல, அந்தப் பையன் கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று சொல்லி ஒவீடியோ அதைத் தாண்டினான். லாரிக்காரர் இரண்டு முறை விளக்கடித்து எச்சரித்தார். "பொறாமை" என்றான் ஒவீடியோ. சூல்மா சிரித்தாள்.

உச்சியைக் கடந்து இறங்கும்போது இரண்டாவது வளைவு. மலை நிழலில் குளிர்காலம் முழுக்க வெயில் படாத இடம். அங்கே ரோட்டின் மேல் ஐஸ் கண்ணாடி விரித்தது போல் கிடந்தது. ஒவீடியோ ஸ்டியரிங்கை வளைத்தான். ஸ்டியரிங் வளைந்தது, வண்டி வளையவில்லை. அவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். அந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், ஐஸில் பிரேக்கை அப்படி மிதிக்கக் கூடாதென்று. வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றியது. டெல்மீரா கேக்கை இறுகக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்: கேக்கைக் காப்பாற்ற வேண்டும். பிறகு ரோடு முடிந்துவிட்டது.

எத்தனை முறை உருண்டது என்று அவளால் சொல்ல முடியாது. நின்றபோது அவள் சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் க்ரீம். வாயில் இனிப்பும் ரத்தமும் சேர்ந்து கரித்தது. அடிவாரத்தில் இரண்டு மரங்கள் வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தன. சத்தமே இல்லை. பெல்ட்டை விடுவித்துக் கூரையின் மேல் விழுந்தாள். இடது விலாவில் யாரோ கத்தி சொருகி எடுத்த மாதிரி வலித்தது. உடைந்த ஜன்னல் வழியாகத் தவழ்ந்து பனியில் வந்து விழுந்து, மல்லாந்து, கண்ணைத் திறந்தாள்.

நேர் மேலே முன்சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு ஆணி கூட இல்லை.

கோடைக்காலத்து டயர். அதுவும் தேய்ந்து வழவழத்துப் போன மொட்டை. நவம்பரில் தூக்கிப் போட வேண்டுமென்று அவனே சொன்னது. அவள் எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து மற்ற மூன்றையும் பார்த்தாள். நாலும் அதே. குளிர் தெரியவில்லை, வலி தெரியவில்லை.

"டெல்மீ..." உள்ளேயிருந்து ஒவீடியோ முனகினான். "காலு... காலு மாட்டிக்கிச்சு. டெல்மீ, குவானாக்கோ குறுக்க வந்துச்சு, பாத்தியா?"

குவானாக்கோ அந்தக் காட்டில் திரிகிற நீளக் கழுத்து மிருகம். சில சமயம் ரோட்டில் பாயும். அன்று ரோட்டில் ஒரு ஈ கூட இல்லை.

"எந்தக் குவானாக்கோடா?" என்று அவள் ஜன்னலுக்குள் கத்தினாள். "ஆணி டயர் எங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நிக்கனோர் கடனாக் கேட்டான்... எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையா போகணும்னான்... நாலு நாளைக்குத்தான்..."

நிக்கனோர் அவனுடைய சீட்டாட்டக் கூட்டாளி. ஊரில் பழுதான வண்டிகளை இழுத்து வரும் லாரி வைத்திருப்பவன்.

"மாட்டியாச்சுன்னு சொன்னியே! என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியே!"

"கால வெளிய எடு டெல்மீ..."

"இரு. கெட அங்கயே. மொதல்ல என் தங்கச்சி."

சூல்மா பின்பக்கம் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் ரத்தம், நினைவு இல்லை. மூச்சு மட்டும் புகை புகையாக வந்துகொண்டிருந்தது. அவளுடைய வலது கை ஜன்னல் சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. டெல்மீரா ஜாக்கிக் கம்பியைத் தேடி எடுத்து, சட்டத்தை நெம்பினாள். ஒவ்வொரு நெம்புக்கும் ஒரு வசவு. அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்து, தெரியாதவற்றையும் அவளே உண்டாக்கினாள். கை விடுபட்டது. அதைப் பார்க்காமல், ஞானஸ்நான விருந்துக்குக் கொண்டுவந்த வெள்ளை மேஜை விரிப்பில் சுற்றினாள். தன் கோட்டைக் கழற்றி தங்கையைப் போர்த்தினாள்.

"சூல்மா, தூங்காதடி. இந்த நாயி தூங்கட்டும், நீ தூங்காத."

பிறகு கம்பளிச் சட்டையோடு மட்டும் சரிவில் ஏறினாள். இரண்டடி ஏறினால் ஓரடி வழுக்கியது. அந்த ஏற்றத்தை அவள் கால்களால் ஏறவில்லை என்பது அவளுக்கே தெரியும். "மாட்டியாச்சு, மாட்டியாச்சு" என்ற அவன் குரல்தான் அவளை அடித்து விரட்டி மேலே ஏற்றியது.

ரோட்டுக்கு வந்ததும் அந்த மர லாரி வளைவில் மெல்ல இறங்கி வருவது தெரிந்தது. நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். லாரிக்காரர் நிதானமாக ஓரம் கட்டினார். அறுபது வயதிருக்கும். பெயர் எவரிஸ்தோ. வானொலியில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கயிறும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு அவளோடு கீழே இறங்கினார். இரண்டு பேருமாகச் சூல்மாவைத் தார்ப்பாயில் கிடத்தினார்கள். அப்புறம் ஒவீடியோவின் காலை விடுவித்தார்கள். திரும்பும்போது எவரிஸ்தோ சக்கரத்தின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இதை மாட்டிக்கிட்டா என்னைத் தாண்டிப் போனான்? ஏம்மா, இவனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?"

"உங்க நம்பரைக் குடுங்க" என்றாள் டெல்மீரா. எதற்குக் கேட்டாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ஆம்புலன்ஸ் வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. போலீஸ்காரர்கள் வந்து அடிபட்டவர்களை ஏற்றுவதற்கே பாடுபட்டார்கள். அதற்குள் கவிழ்ந்த வண்டி வெள்ளைக் குவியலாகிவிட்டது. கணவாயை மூடினார்கள்.

உஷுவாயா ஆஸ்பத்திரியில் டெல்மீராவுக்கு மூன்று விலா எலும்பு முறிவு என்றார்கள். ஒவீடியோவுக்குக் கணுக்கால். சூல்மாவுக்கு இரண்டு தடவை ஆபரேஷன். இளவயது டாக்டரம்மா ஒருத்தி டெல்மீராவை நடைபாதைக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள்: "கையைக் காப்பாத்திட்டோம். ஆனா நரம்பு அறுந்துபோச்சு. விரல் பழையபடி மடங்காது. என்ன தொழில் பண்றாங்க?"

"முடி வெட்டுறா" என்றாள் டெல்மீரா.



சூல்மாவுக்கு அந்தக் காலை நேரம் மொத்தமாக மறந்துபோயிருந்தது. தோல்வினில் காரில் ஏறியதுகூட நினைவில் இல்லை. அந்த வெற்றிடத்தை ஒவீடியோ நிரப்பினான். மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் கதை சொன்னான். மூன்றாம் நாள் டெல்மீரா வார்டுக்குள் நுழையும்போது அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

"குவானாக்கோ பாய்ஞ்சுது. அதை நான் பாத்துட்டேன், வெலகிப் போயிருப்பேன். ஆனா பின்னாடி இருந்து சூல்மா ஒரு கத்து கத்துனா பாரு! கத்தி என் தோளைப் புடிச்சு இழுத்துட்டா. மனுஷன் கை நடுங்காதா? ஆனா அவளைக் குத்தம் சொல்லாதீங்க. பொம்பளைப் புள்ள, பயந்துட்டா."

சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் சூல்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டு, கையில் கட்டு. அவள் அழுதுகொண்டே, "அத்தான், என்னை மன்னிச்சிருங்க அத்தான். என்னால உங்க காலு போச்சு. அக்காவும் செத்திருப்பா" என்றாள்.

ஒவீடியோ கையை நீட்டி அவள் தலையைத் தடவினான். "விடும்மா. நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

 எல்லாரும் போகும் வரை டெல்மீரா சுவரோரம் நின்றாள். சூல்மாவை நர்ஸ் தள்ளிக்கொண்டு போனதும் கதவைச் சாத்தினாள்.

"மன்னிக்கிறியா? நீ அவளை மன்னிக்கிறியா?"

"மெதுவாப் பேசு."

"அவ கத்தவே இல்லடா. சத்தத்தைக் காணோமேன்னு கேட்டா. அந்த வண்டியில மூளை இருந்தது அவ ஒருத்திக்குத்தான்."

"டெல்மீ, கேளு. டயர் விஷயம் வெளிய வந்தா லைசென்ஸ் போயிரும். ஸ்கூல் வேன் போயிரும். இருபது வருஷ வேலை. சூல்மாவுக்கு என்ன ஆகப்போகுது? கத்துனதுக்காக யாராவது ஜெயில்ல போடுவாங்களா? அவ கை எப்படியும் போயிருச்சு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது டெல்மீராவின் கையில் தண்ணீர் ஜாடி இருந்தது. அவன் மேல் எறிந்திருப்பாள். விலா எலும்பு தூக்கவிடவில்லை.

ஆனாலும் அவள் உடனே போய்ச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். இருபத்தாறு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன், வேலை போனால் வீட்டில் உட்கார்ந்து என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், சூல்மா கொஞ்சம் தேறட்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள். தங்கை அந்தப் பொய்யை ஒவ்வொரு நாளும் மருந்தோடு சேர்த்து விழுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி ஆஸ்பத்திரிக் குளியலறையில் போய்த் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் மாற்றுத்துணி எடுக்க பஸ்ஸில் ஊருக்கு வந்தாள். பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே நிக்கனோரின் கொட்டகை. முற்றத்தில் அவர்கள் கார் நின்றது. கணவாய் திறந்த அன்றே நிக்கனோர் போய் இழுத்து வந்திருந்தான். போலீஸ் தரப்பு ஆய்வாளர் மறுநாள் வந்து பார்ப்பதாக இருந்தது. டெல்மீரா வேலியோரமாக நடந்து போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூரை சப்பையாக நசுங்கியிருந்தது. கதவு பிய்ந்து தொங்கியது. நாலு சக்கரத்திலும் புத்தம் புதிதாகக் கழுவித் துடைத்த ஆணி டயர்கள். ஒரு கீறல் இல்லை, ஒரு சேற்றுத் துளி இல்லை. மயானத்தில் நிற்கிற கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆணியெல்லாம் பளபளவென்று இளித்தன.

"அட, டெல்மீரா!" நிக்கனோர் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான். "வா, மாத்தே டீ குடிக்கிறியா? உள்ள சூடா இருக்கு."

"பழைய டயர் எங்க?"

"எந்தப் பழைய டயர்?"

"நிக்கனோர், நான் அதுக்குக் கீழ படுத்துக்கெடந்தேன். என் மூஞ்சிக்கு மேல சுத்துச்சு. எங்க?"

அவன் குரலைத் தணித்தான். "இங்க பாரு, ஒவீடியோதான் ஆஸ்பத்திரியிலருந்து போன் பண்ணிச் சொன்னான். நான் என் சிநேகிதனுக்குச் செஞ்சேன். நீ அவன் பொண்டாட்டி. நீ பேசாம இருக்கணும், அதானே நியாயம்?"

"நியாயமா? உன் மகனும் அந்த ஸ்கூல் வேன்லதானே போறான்?"

அவள் இன்னும் ஒரு அடி கிட்டே போனாள்.

"நாளைக்கு வேனுக்கு டயர் போட்டாச்சான்னு உன் பொண்டாட்டி கேப்பா. மாட்டியாச்சு, மாட்டியாச்சும்பான். அப்ப யார் கத்துனதுன்னு கதை கட்டுவீங்க? உன் பையனா?"

 கைப்பேசியில் முற்றத்தையும் டயர்களையும் படமெடுத்தாள். பிறகு எவரிஸ்தோவுக்குப் போன் போட்டாள்.

"கூப்பிடுவீங்கன்னு இருந்தேம்மா" என்றார் அவர். "நான் தொட்டுப் பாத்த டயர் மொட்டை டயர். எங்க வந்து சொல்லணும்?"

போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி, அவள் பேசப் பேச எழுதிக்கொண்டார். இடையில் ஒருமுறை நிமிர்ந்து, "உங்க வீட்டுக்காரர் மேலதான் சொல்றீங்க, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும். விடாம எழுதுங்க. 'கெட அங்கயே'ன்னு சொன்னதையும் எழுதுங்க. நான் ஒண்ணும் தேவதை இல்ல."

மறுநாள் உஷுவாயாவுக்குத் திரும்பினாள். சூல்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேக்கை, சத்தம் இல்லாத வண்டியை, மொட்டை டயரை, குவானாக்கோ இல்லாத ரோட்டை, நிக்கனோரின் முற்றத்தை. தங்கை அழுவாள், தன் தோளில் சாய்வாள் என்று நினைத்திருந்தாள். சூல்மா அழவில்லை. அவள் முகம் மெல்லச் சிவந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"டயரா? அப்பவே. விழுந்த ஒடனே."

"அவன் கதை சொன்னது?"

"மூணாம் நாள்."

சூல்மா இடது கையை ஓங்கி அக்காவின் கன்னத்தில் விட்டாள். பழக்கமில்லாத கை. அடி குறி தப்பிக் காதில் பட்டது.

"நான் அவன் கையைப் புடிச்சு அழுதேன்டி! தினம் தினம் மன்னிப்புக் கேட்டேன்! ராத்திரியெல்லாம், எதுக்குடி கத்துன, எதுக்குடி கத்துனன்னு என்னையே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். நீ பக்கத்துல உக்காந்து எனக்கு ஆப்பிள் நறுக்கிக் குடுத்துக்கிட்டு இருந்த!"

"சூல்மா..."

"வெளிய போ. அவனைவிட நீதான் மோசம். அவன் பொய்யன்னு ஊருக்கே தெரியும். உன்னை நான் நம்பினேன்."

டெல்மீரா வெளியே போனாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரமாக அவள் சேர்த்து வைத்திருந்த எந்தச் சமாதானமும் வாயில் வரவில்லை. தங்கை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு காரியங்கள் அதனதன் போக்கில் நடந்தன. நிக்கனோர் ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டு, பழைய டயர்கள் கிடந்த இடத்தைக் காட்டினான். ஒவீடியோவின் லைசென்ஸ் போனது. வேனும் போனது. ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவனை டெல்மீரா உள்ளே விட்டாள், துணி எடுக்க மட்டும். "இருபத்தாறு வருஷம்டி" என்றான் அவன், பெட்டியை மூடிக்கொண்டே. "என்னைக் காட்டிக் குடுத்துட்ட."

"ஆமா. ஒன்பது நாள் லேட்டா" என்றாள் அவள்.

அவன் ரியோ கிராண்டேயில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். ஊரில் பாதிப் பேர் டெல்மீராவுடன் பேசினார்கள். மீதிப் பேர் ரொட்டிக் கடையில் அவளைக் கண்டால் முதுகைக் காட்டினார்கள். அவளும் முதுகைக் காட்டினாள்.

ஊர் திரும்பிய சூல்மாவுடைய வீட்டுக்கு டெல்மீரா தினமும் சூப் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தாள். இரண்டு வாரம் பாத்திரம் அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம் காலியாக இருந்தது. கதவு திறக்கவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த நாளன்று காலை டெல்மீரா அந்தக் கதவுக்கு எதிரே தெருவில் நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தது. சூல்மா கோட்டை ஒரு தோளில் போட்டபடி வாசலில் நின்றாள். பொத்தான்களோடு மல்லுக்கட்டியிருப்பாள் போலிருக்கிறது. நெற்றி வியர்த்திருந்தது.

"வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காத. வந்து போட்டு விடு."

டெல்மீரா கிட்டே போனாள். மடங்காத அந்தக் கையை மெதுவாகக் கோட்டுக் கைக்குள் நுழைத்து, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். சூல்மா அவளுக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள்.

"போக வேண்டாம்."

"அவன் மேலயும் போகல."

"அதை அங்க வந்து கொட்டு. நானும் கொட்டணும்."

"நான்தான் மொதல்ல பேசுவேன்."

"நீதான் மொதல்ல."

கழுத்துப் பொத்தானைப் போடும்போது சூல்மா தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள். பிறகு அக்காவுக்காக நிற்காமல், பனியில் காலை அழுத்தி வைத்து, பஸ் நிற்குமிடத்தை நோக்கி முன்னால் நடந்தாள்.